மன்னார்க் கடலடியில் "எண்ணெய்க் கடல்" தேடும் என் பிள்ளைகளுக்கு



இந்தக் கிழமை மட்டும் ஒரே வட்ஸ்அப் செய்தியை ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். மன்னார்க் கடலுக்கு அடியில் எண்ணெய்க் கடலே கிடக்கிறதாம், எடுத்தால் நாட்டின் கடன் எல்லாம் தீருமாம், வேண்டுமென்றே மறைக்கிறார்களாம். என்னிடம் புவியியல் படித்தவர்களும் இதைப் பகிர்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் கொஞ்சம் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

எண்ணெய் ஆயத்தமாக நிலத்துக்குள் கிடப்பதில்லை. நுண்ணுயிர்களின் மிச்சம் செறிந்த மூலப்பாறை வேண்டும். அந்தச் செய்தி அதோடு நின்றுவிடுகிறது. மூலப்பாறைக்கு மேலே படிந்து கிடக்கும் பாறைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. முக்கால்வாசிக் கதை அங்கேதான் இருக்கிறது.

வாழைக்குலையைக் கிடங்கில் வைத்து மூடிப் புகை போடுவோமே, அதை நினையுங்கள். சூடு குறைந்தால் காய் காயாகவே கிடக்கும், கூடினால் அவிந்துபோகும். பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை வெப்பம் ஏறும். மூலப்பாறை எண்ணெய் தருவதற்குச் சுமார் 60 முதல் 120 பாகை வேண்டும். அதற்கு மேலே போனால் எரிவாயு. அதாவது, பொதுவாக 2 முதல் 4 கிலோமீற்றர் மேற்பாறை மூடியிருக்கவேண்டும்.

"கடலே ஒரு கிலோமீற்றருக்கு மேல் ஆழம், அந்த அழுத்தம் போதாதா?" என்று ஒரு மருமகன் கேட்டார். போதாது, தம்பி. ஆழ்கடலின் அடி சில பாகை குளிர்தான். தண்ணீர் எதையும் பழுக்கவைக்காது. கணக்கைக் கடலடியிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

லண்டனில் இருக்கும் பிள்ளைகள் டோர்செட் கரையில் கிம்மரிட்ஜுக்குப் போய்ப் பாருங்கள். மலைமுகத்தில் தெரியும் கறுப்புக் களிப்பாறைக்கு ஏறக்குறைய 15 கோடி வயது. கொளுத்தினால் எரியும், ஆனால் எண்ணெயாக இன்னும் பழுக்கவில்லை. வடகடலின் நடுவே அதே பாறை 3 கிலோமீற்றருக்கும் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. 1971இல் கண்டுபிடித்த பிரென்ட் வயலின் எண்ணெய் அதிலிருந்து வந்ததுதான். ஒரே பாறை, மேலே உள்ள சுமைதான் வேறு.

கனம் மட்டும் பார்த்தாலும் போதாது. களிப்பாறை போர்வைபோல வெப்பத்தைப் பிடித்து வைக்கும், உப்புப்பாறை அதை மேலே கடத்திவிடும். எண்ணெய் புறப்பட்ட பிறகுதான் அதைப் பிடிக்கும் பொறி அமைந்தது என்றால், வந்தது முழுதும் எப்போதோ ஒழுகிப் போயிருக்கும்.

மறைக்கிறார்கள் என்கிறீர்கள். 2011இல் மன்னார்ப் படுகையில் கெய்ர்ன் நிறுவனம் டொராடோ கிணற்றில் எரிவாயு கண்டது. அது அப்போதே பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் காண்பது வேறு, இலாபத்தோடு எடுப்பது வேறு. இன்றுவரை அங்கே வணிக உற்பத்தி இல்லை.

"அப்படியென்றால் தேடவே வேண்டாமா, சேர்?" என்று கேட்பீர்கள். தாராளமாகத் தேடட்டும், ஆனால் அளந்து தேடட்டும். வராத எண்ணெயைக் காட்டி இன்றே கடன் வாங்குவதும் வாக்குக் கேட்பதும் மோசடி. அந்தக் கடலில் வலை போடுகிறவர்களிடம் "கொஞ்சம் விலகுங்கோ, பணம் வரப்போகுது" என்று சொல்வதும் இந்தக் கதையை வைத்துத்தான்.

இனி அப்படி ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். மேற்பாறை எத்தனை கனம்? எவ்வளவு சூடு? பொறி முந்தியா, எண்ணெய் முந்தியா? மூன்றுக்கும் பதில் இருந்தால் எனக்கும் அனுப்புங்கள், ஆசையாக வாசிப்பேன். இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள்.