நாயைப் பழக்க முதல் நாங்கள் பழக வேண்டும்



எங்கள் தையல் வகுப்புக்கு வரும் தங்கை ஒருத்தி கொஞ்ச நாட்களாகப் பிந்தியே வந்துகொண்டிருந்தாள். காரணம் கேட்டபோது நாயைப் பற்றித்தான் சொன்னாள். அவள் வீட்டில் ஆண் துணை இல்லை. அவளும் ஆறு வயது மகனும் வயதான தாயும் ஒரு நாயும்தான். இரவில் வளவுக்குள் ஆள் அரவம் கேட்டால் முதலில் எழும்புவது அந்த நாய். அதனால் அதில் அவளுக்கு நல்ல பட்சம். ஆனால் அவள் வெளிக்கிட்டால் அதுவும் பின்னாலேயே வெளிக்கிட்டுவிடும். பெரிய றோட்டு வரைக்கும் ஓடி வரும். ஒருநாள் பஸ்ஸில் அடிபடப் பார்த்தது.

“அடிச்சும் பார்த்திட்டன் அக்கா. இப்ப கூப்பிட்டாலும் கிட்ட வருகுதில்லை. தூர நிண்டு பார்க்குது. அதுதான் பின் வேலியால களவாய் வெளிக்கிட்டு வாறன்” என்றாள்.

அன்று அவளுக்குச் சொன்ன கதையை இம்மாதம் உங்களுக்கும் சொல்லலாம் என்று நினைக்கின்றேன். அமெரிக்காவில் நாய்களுக்கான கீழ்ப்படிவுப் போட்டிகளைத் தொடங்கி வளர்த்த இரண்டு பெண்களின் கதை அது.

கேலியில் பிறந்த முயற்சி

ஹெலன் வைற்ஹவுஸ் வோக்கர் என்பவர் நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்தவர். 1930களில் பூடில் என்னும் இன நாய்களை வளர்த்து வந்தார். பூடில் சுருள் முடி கொண்ட நாய். கண்காட்சிகளுக்குக் கொண்டுபோகும்போது அதன் முடியைக் குஞ்சம் குஞ்சமாகக் கத்தரித்து விடுவார்கள். அதனால் அதைப் பார்த்தவர்கள், பணக்காரரின் விளையாட்டுப் பொருள் என்றும் ஒன்றுக்கும் உதவாத நாய் என்றும் கேலி செய்தார்கள். உண்மையில் பூடில் தண்ணீரில் விழும் வேட்டைப் பறவைகளை எடுத்து வருவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம். மிகவும் கெட்டித்தனமானது.

வோக்கர் யாருடனும் வாதாடவில்லை. இங்கிலாந்தில் நாய்களின் கீழ்ப்படிவைச் சோதிக்கும் போட்டிகள் நடப்பதை அவர் அறிந்திருந்தார். அதேபோல ஒன்றை 1933 ஒக்ரோபரில், மவுண்ட் கிஸ்கோ என்ற ஊரில் தமது தந்தையாரின் வளவிலே நடத்தினார். வந்தவை எட்டே எட்டு நாய்கள். எல்லா இனங்களும் கலந்துகொள்ளலாம், அழகுக்குப் புள்ளி இல்லை, சொன்னதைச் செய்கிறதா என்பதற்கே புள்ளி என்பதுதான் அதிலிருந்த புதுமை.

அடுத்த வருடம் அவர் இங்கிலாந்துக்குப் போய், பழக்கும் முறைகளை நேரிலே பார்த்து வந்தார். அதே 1934 இல், நாய்களைப் பராமரிக்கும் வேலைக்கு பிளான்ச் சோண்டர்ஸ் என்ற பெண் அவரிடம் வந்து சேர்ந்தார். பண்ணை வேலை செய்துகொண்டிருந்தவர். ஒருவர் வசதியான வீட்டுப் பெண், மற்றவர் கூலிக்கு உழைத்தவர். இருவரும் சேர்ந்து உழைத்ததன் பயனாக 1936 இல் அமெரிக்கன் கெனல் கிளப் இப்போட்டிகளை ஏற்றுக்கொண்டு விதிகளை வெளியிட்டது.

1937 இல் இவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வீடு போல அமைந்த 21 அடி நீள வண்டியொன்றைக் காரின் பின்னால் பூட்டி, மூன்று பூடில் நாய்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். பத்து வாரங்களில் ஏறத்தாழ 10,000 மைல் தூரம் ஓடி, ஊர் ஊராக நாய்க் கண்காட்சிகளில் தங்கள் நாய்களின் கீழ்ப்படிவைச் செய்துகாட்டினார்கள். அக்காலத்தில் இரண்டு பெண்கள் தனியே இப்படிப் பயணம் செய்ததை எண்ணிப் பாருங்கள்.

சோண்டர்ஸ் பின்னர் பெயர்பெற்ற பயிற்சியாளரானார். 1946 இல் ஒரு நூலும் எழுதினார். நாயைப் பழக்குவதற்கு உங்களைப் பழக்குதல் என்பதே அந்த நூலின் பெயரின் பொருள். முதல் பாடம் நாய்க்கு அல்ல, நாயைப் பிடித்திருப்பவருக்கு என்று அவர் கண்டுகொண்டார்.

போட்டியில் என்ன பார்க்கிறார்கள்?

அமெரிக்கன் கெனல் கிளப்பின் போட்டியில் மொத்தப் புள்ளி 200. சித்தியடைய 170 புள்ளியாவது எடுக்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேலும் எடுக்க வேண்டும். இப்படி மூன்று தடவை சித்தியடைந்தால்தான் முதலாவது பட்டம்.

ஆரம்ப வகுப்பில் கேட்பவை பெரிய வித்தைகள் அல்ல. எசமானின் இடது பக்கமாக ஒட்டி நடக்க வேண்டும். முதலில் கழுத்து வாருடன், பிறகு வார் இல்லாமல். அந்நியரான நடுவர் கிட்ட வந்து தொடும்போது அசையாமல் நிற்க வேண்டும். தூரத்திலிருந்து கூப்பிட்டால் நேரே வர வேண்டும். இருத்திவிட்டுப் போனால் இருந்த இடத்திலே இருக்க வேண்டும்.

ஆனால் விதிகளை உற்றுப் பார்த்தால் சோதனை மனிதருக்கே என்பது விளங்கும். கட்டளையை ஒரு தரந்தான் சொல்லலாம். இரண்டாம் தரம் சொன்னால் புள்ளி போய்விடும். அரங்கினுள் தீனி காட்டக் கூடாது. நாயைக் கடுமையாக நடத்தினால் வெளியேற்றிவிடுவார்கள். அடியும் இல்லை, தீனியும் இல்லை, ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் மாதக்கணக்கான பொறுமை இருந்தால்தான் அது வேலை செய்யும்.

ஆயத்தப்படுத்தும்போது அனுபவசாலிகள் இரண்டு விடயங்களில் கவனமாக இருப்பார்கள். ஒன்று, குசினிக்குள் ‘இரு’ என்றால் இருக்கும் நாய், சந்தைக்குள் அதே சொல்லை விளங்கிக்கொள்ளாது. இடம் மாறினால் அதற்குப் பாடமும் புதிது. ஆகவே புதிய இடம், சத்தம், அந்நியர், வேறு நாய்கள் என்று ஒவ்வொன்றாகப் பழக்குவார்கள். மற்றது, தங்கள் குரல். போட்டி நாளில் மனம் பதறினால் குரல் மாறும், நடை மாறும். நாய் அதை உடனே கண்டுகொள்ளும். தனக்குத் தெரிந்ததையும் செய்யாமல் தடுமாறும். ஆகவே நாயைப் பழக்குபவர் மூச்சை ஆறுதலாக விட்டு, ஒரே குரலில் பேசத் தாமும் பழகுவார்.

சோண்டர்ஸின் காலத்தில் சங்கிலியைச் சுண்டி இழுத்துத் திருத்திவிட்டுப் பிறகு பாராட்டுவதே வழக்கம். இன்று பல பயிற்சியாளர்கள் அதைக் கைவிட்டு, சரியாகச் செய்யும் கணத்திலே பரிசு கொடுத்துப் பழக்குகிறார்கள். பயந்த நாய் பாடம் படிக்காது. தப்பி ஓடவே வழி பார்க்கும்.

இவை அமெரிக்காவின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2002 ஆம் ஆண்டு யுத்த நிறுத்தத்தின் பின்னர் எங்கள் நிலங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு மோப்ப நாய்களும் கொண்டுவரப்பட்டன. அத்தகைய நாய் வெடிமருந்தின் மணம் பட்டதும் பாயாது, நிலத்தைக் கிண்டாது. அந்த இடத்திலே அசையாமல் இருந்துவிடும். அதுதான் அது காட்டும் அடையாளம். ‘இரு’ என்ற சின்னப் பாடம் ஓர் உயிரைக் காக்கிறது. அதற்குக் கிடைக்கும் பரிசு பெரும்பாலும் கடித்து விளையாட ஓர் இறப்பர்ப் பந்து.

வீட்டில் பழக்கும் விதம்

முதலில் நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொந்த நாய்தானே என்று இருந்துவிட வேண்டாம்.

‘இரு’: உப்பில்லாத அவித்த மீன் துண்டையோ பாண் துண்டையோ நாயின் மூக்குக்கு முன்னால் பிடியுங்கள். மெதுவாக மேலே, அதன் தலைக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். மூக்கு உயரப் பின்பக்கம் தானே நிலத்தில் இருக்கும். இருந்த அந்தக் கணத்திலேயே பாராட்டித் துண்டைக் கொடுங்கள். பிந்திக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம் போதும். காலையும் மாலையும் செய்யலாம். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவர் ‘இரு’, மற்றவர் ‘குந்து’, பிள்ளை ‘சிற்’ என்றால் அது பாவம் எதைக் கேட்கும்?

‘வா’: கூப்பிட்டு அடிக்கவே கூடாது. என்ன குழப்படி செய்திருந்தாலும், கூப்பிட்டு வந்த நாய்க்கு நல்ல வார்த்தைதான். அடிபட்டுப் பயந்துபோன நாய்க்கு ‘வா’ என்ற சொல்லே அடியை நினைவூட்டும். அதற்கு வேறொரு புதுச் சொல்லை எடுங்கள். நிலத்தில் பக்கவாட்டாக இருந்து, கண்ணுக்குக் கண் பார்க்காமல், துண்டைக் கிட்ட எறியுங்கள். அது தானாக வரட்டும். நாட்கள் எடுக்கும்.

‘நில்லு’ அல்லது ‘காத்திரு’: இதுதான் எங்கள் தங்கைக்குத் தேவைப்பட்ட பாடம். நாயை இருத்திவிட்டு ஓர் அடி மட்டும் விலகுங்கள். உடனே திரும்பி வந்து, அது இருந்த இடத்திலேயே துண்டைக் கொடுங்கள். பிறகு இரண்டு அடி. பிறகு ஐந்து அடி. பிறகு படலைக்கு வெளியே ஒரு கணம் மறைந்துவிட்டு வாருங்கள். ஆரம்பத்தில் தூரத்திலிருந்து கூப்பிடாதீர்கள். ஒவ்வொரு தரமும் நீங்களே அதனிடம் திரும்பிப் போக வேண்டும். எழும்பி ஓடி வந்துவிட்டால் கோபிக்க ஒன்றுமில்லை. நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம் என்றுதான் அர்த்தம். இரண்டு படி கீழே இறங்கித் திரும்பத் தொடங்குங்கள்.

அமெரிக்கப் போட்டிகளின் மேல் வகுப்பில் 2018 வரை ஒரு சோதனை இருந்தது. நாய்களை வரிசையாக இருத்திவிட்டு, எசமானர்கள் எல்லோரும் அவற்றின் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடுவார்கள். மூன்று நிமிடம் இருக்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் படுத்திருக்க வேண்டும். ‘அசையாதே’ என்ற பயத்தால் அந்த நாய் அங்கே இருப்பதில்லை. போனவர் வருவார் என்பதை நூறு தரம் கண்டிருப்பதால் இருக்கிறது.

களவாய்ப் போவது

சகோதரிகளே, போனவர்கள் திரும்பி வராத வீடுகள் எங்களுடையவை. படலையைத் தாண்டி ஒருவர் போகும்போது வீட்டிலிருப்பவருக்கு நெஞ்சு பதறுவது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் பிள்ளைகளும் அதே பதற்றத்தோடு வளர்கிறார்கள்.

அந்தத் தங்கை பின் வேலியால் போனது நாய்க்காக மட்டும் அல்ல. மகனும் அழுவான் என்பதால்தான். அவள் அதைப் பிறகுதான் சொன்னாள். அவன் தேடும்போது அம்மா இல்லை. அதனால் அடுத்த நாள் இன்னும் இறுக்கமாகச் சேலைத் தலைப்பைப் பிடிக்கிறான். களவாய்ப் போகப் போக நாயும் பிள்ளையும் கண்ணை எடுக்காமல் காவல் இருக்கப் பழகுகிறார்கள்.

பிள்ளையை நாயோடு ஒப்பிடுவதாக நினைக்க வேண்டாம். பிள்ளைக்கு எங்களால் சொல்லி விளங்கப்படுத்த முடியும் என்பதே பெரிய வித்தியாசம். “அம்மா தையலுக்குப் போறன். நீ பின்னேரம் தேத்தண்ணி குடிக்கிற நேரம் வந்திடுவன்” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு முன் படலையால் போங்கள். அழுதாலும் சொல்லிவிட்டே போங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். ஆரம்பத்தில் பக்கத்துக் கடைக்குப் போய்வரும் சின்னப் போக்குவரவாக இருக்கட்டும். முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். “அப்பா எப்ப வருவார்?” என்று கேட்டால் பொய் நாள் குறிக்க வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். உங்களால் காப்பாற்றக்கூடிய சின்னச் சொற்களைக் காப்பாற்றினாலே அவர்களுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். பிள்ளையின் அழுகையும் நித்திரைக் குழப்பமும் நீண்டுகொண்டே போனால் வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ கூட்டிச் செல்லத் தயங்க வேண்டாம்.

தங்கை மகனையும் சேர்த்துக்கொண்டே நாயைப் பழக்கத் தொடங்கினாள். துண்டு கொடுப்பது மகனின் வேலை. நாய்க்கு வாயருகே கையைக் கொண்டுபோகாமல், விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கப் பழக்கினாள். எப்போதும் தானும் பக்கத்தில் இருந்தாள். அடிபட்ட நாய் என்பதால் அது கிட்ட வரவே ஒரு கிழமை எடுத்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு கேட்டேன். “படலை வரைக்கும் வருகுது, அங்க இருக்குது. சில நாளில எழும்பி ஓடி வருது. திரும்பிக் கொண்டுபோய் இருத்திப்போட்டு வாறன்” என்றாள். மகன்? “அவன் நாய்க்குப் பக்கத்தில இருந்துகொண்டு, அம்மா வருவா, இரு எண்டு அதுக்குச் சொல்லுறான்.”

இப்போது அவள் முன் படலையாலேதான் வருகிறாள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.