விண்டோஸை மாற்றினால் சுருதி ஏன் போகிறது?

தில்லியில் நம் வீடுகளில் பாட்டு கிளாஸ் என்றால் இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான். டீச்சர் மயிலாப்பூரில், பிள்ளை மயூர் விஹாரில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததும், எங்கள் குடியிருப்பில் ஆளாளுக்கு ஓ.எஸ். மாற்ற ஆரம்பித்தார்கள். புதுப் பொட்டிக்காரர்கள் விண்டோஸ் 11, பழைய பொட்டிக்காரர்கள் உபுண்டு. மறுநாளே ஒரே புலம்பல்: "சவுண்ட் கார்டு போயிடுச்சு சார்!" (பி.காம். படித்து பேங்கில் குப்பை கொட்டுகிறவனிடம் இதை ஏன் சொல்கிறார்கள் என்று கேட்காதீர்கள். தமிழ்க்காரர் என்றால் எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை!)

கார்டு அநேகமாகப் போயிருக்காது. டிரைவர்தான் மாறியிருக்கும்.

ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது ஒன்று, சி.டி.யில் 44,100 முறை. ஒவ்வொரு அளவையும் எத்தனை பிட்டில் எழுதுகிறோம் என்பது இன்னொன்று. 16 பிட் என்றால் 65,536 படிகள். 24 பிட் என்றால் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேல். லெட்ஜரில் ரூபாய் கலத்தில் எழுதியதைப் பைசா கலத்தோடு சேர்த்துப் படித்தால் என்ன ஆகும்? டிரைவர் பிட் கணக்கைத் தப்பாகப் படித்தாலும் அதே கதைதான், பாட்டுக்குப் பதில் கரகரவென்று இரைச்சல். இரைச்சலே இல்லாமல் சுருதி மட்டும் ஏறினால் குற்றவாளி பிட் இல்லை, அளக்கும் வேகம். 44,100-இல் பதிந்த தம்பூராவை 48,000-இல் ஓட்டினால், ஒரு கட்டை சுருதி ஒன்றரைக் கட்டையைத் தாண்டிப் போய் நிற்கும். குழந்தை பாவம், தொண்டை கட்டிக்கொண்டு திட்டு வாங்கும்.

விண்டோஸில் சவுண்ட் செட்டிங்குக்குள் போய், ஸ்பீக்கர், மைக் இரண்டுக்கும் 16 பிட், 48,000 என்று வைத்துப் பாருங்கள். சரியாகவில்லையா? லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போடுங்கள். 24 பிட் இல்லையே என்று கவலையே வேண்டாம். மேலே ஃபேன் ஓடுகிற அறையில், நெட்டில் சுருக்கி அனுப்பும் குரலுக்கு 16 பிட்டே தாராளம். எங்கள் மாடி வீட்டு மாமி இது தெரியாமல், நேரு பிளேஸில் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு நாலாயிரம் ரூபாய்க்குப் புது கார்டு வாங்கி வந்தார்.

எனக்குக் கோபம் கடைக்காரர் மேல் அவ்வளவாக இல்லை. நன்றாக வேலை செய்கிற பொருளை டிரைவர் தராமலே குப்பையாக்குகிறார்களே, அதன் மேல்தான். இது பழைய கதை. 2007-இல் விஸ்டா வந்தபோது எக்ஸ்.பி.க்கு எழுதிய சவுண்ட் டிரைவர்கள் பல உதவாமல் போயின. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகளுக்கு பிரேசில்காரர் ஒருவர் தானே டிரைவரைத் திருத்தி, விஸ்டாவில் விட்டுப்போன வசதிகளை மீட்டுக் கொடுத்தார். 2008 மார்ச்சில் கம்பெனி அவரை நிறுத்தச் சொன்னது. எந்தக் கார்டுக்கு எந்த வசதி என்பது எங்கள் வியாபார முடிவு என்றார்கள். வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள்.

மறுபக்கமும் உண்டு. இன்டெல் 2004-இல் எச்.டி. ஆடியோவுக்கான விவரக்குறிப்பை வெளியிட்டது. அதனால்தான் மதர்போர்டோடு வரும் சவுண்டுக்கு இன்றும் விண்டோஸின் பொது டிரைவரும் லினக்ஸும் ஏதோ ஒரு வகையில் சத்தம் கொடுத்துவிடுகின்றன.

வீட்டுக்கடன் முழுதும் அடைந்தால் 30 நாளில் பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டும், எங்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தரவேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. கார்டுக்கு முழுப் பணமும் கொடுத்தாயிற்று. இனி டிரைவர் எழுதமாட்டோம் என்றால், அதன் விவரங்களையாவது பொதுவில் வைக்கட்டுமே. எழுத ஆள் இருக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்கென்று 2022-இல் மத்திய அரசு தளம் தொடங்கியது. டிரைவரும் அந்த உரிமையில் சேரவேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை, ஓ.எஸ். மாற்றுமுன் பழைய பிட், வேகம், டிரைவர் பதிப்பு மூன்றையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். புது டிரைவரை முதலிலேயே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மாற்றிய பிறகு சில சமயம் நெட்டும் வராது!