மலத்தில் இரத்தமா? மூலம் என்று இருந்துவிடாதீர்கள்



மஸ்கெலியா மலையில் கொழுந்து எடுத்த தேயிலைச் செடி ஒரு வாரமளவில் மறுபடி தளிர்த்துவிடும். நமது குடலும் அப்படித்தான். அதன் உட்சுவரில் தேய்ந்த கலங்கள் உதிர, மூன்று முதல் ஐந்து நாட்களில் புதியவை வந்துவிடுகின்றன.

உட்சுவரிலுள்ள நுண்ணிய குழிகளின் அடியில் இருக்கும் தாய்க் கலங்களே இவற்றைப் பெருக்குகின்றன. 2007இல் நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் இத்தாய்க் கலங்களை அடையாளம் கண்டனர். 'வின்ட்' என்ற சமிக்ஞை "பெருகு" என்று சொல்லும். 'ஏபிசி' என்ற மரபணு "போதும்" என்று நிறுத்தும். அந்த மரபணு பழுதானால் பெருக்கம் நிற்காது. பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.

முதலில் தோன்றுவது சிறு முளைதான். அது புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து வருடமளவு செல்லும். அதற்குள் கண்டால், கமராக் குழாயைச் செலுத்தி வெட்டி எடுத்துவிடலாம்.

மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் மாறிய மலப்போக்கு, காரணமில்லாத மெலிவு, இரத்தச்சோகை ஆகியவை அறிகுறிகள். எல்லா இரத்தப்போக்கும் புற்றுநோயல்ல. ஆனால் "மூலம்தான்", "வேலைக் களைப்புத்தான்" என்று நாமே முடிவு செய்யக்கூடாது. வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் இருந்ததா என்று வைத்தியர் கேட்பார். போரிலும் இடம்பெயர்விலும் உறவுகளை இழந்த பலருக்கு அது தெரியாது. தெரியாது என்பதையும் சொல்லுங்கள். பரிசோதனையைத் தீர்மானிக்க அதுவும் அவருக்கு உதவும்.

வீட்டைத் தனியே சுமக்கும் சகோதரியே, உங்கள் உடலைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.