ஒரு கீறலுக்கு முழுக் கதவா?

போன மாசம் எங்க வீட்டு ஆல்டோவுக்கு ரெண்டு காயம். வடசேரி சந்தைப் பக்கம் நிறுத்தியிருந்தப்போ யாரோ ஒரு புண்ணியவான் பைக்கை உரசிக் கதவில் கோடு போட்டுட்டுப் போயிட்டார். அடுத்த வாரம் தக்கலை தாண்டி, முன்னால் போன டாரஸ் லாரியிலிருந்து ஒரு ஜல்லி தெறிச்சு பானட்டில் மிளகு அளவுக்குப் பெயின்ட் பேர்ந்து போச்சு. நம்ம மலையை உடைச்சுக் கேரளாவுக்குக் கொண்டு போற லாரிகளைத் தனியாத் திட்டணும். அது இன்னொரு நாள்.

வழக்கமா சர்வீசுக்கு விடுற இடத்தில் காட்டினோம். "ரெண்டு பேனலும் ஃபுல் பெயின்ட் அடிக்கணும் சார். ஒன்பதாயிரம் ஆகும். இல்லேன்னா இன்சூரன்ஸ்ல கிளெய்ம் போட்டுரலாம், உங்களுக்கு ஃப்ரீதான்" என்றார்கள். அப்பா பாதி சம்மதிச்சிட்டார். "லேய், அக்கா மாப்பிள வீட்டுக்கு இந்தக் கோட்டோட எப்படிடே போறது?" என்பதுதான் அவர் கவலை.

எனக்கு வேற கவலை. எங்க பழைய மாருதி 800-ல் இதே மாதிரி ஒரு பொட்டு இருந்தது. "பாத்துக்கிடலாம்"னு ரெண்டு மழைக்காலம் விட்டோம். விக்கும்போது வாங்க வந்தவர் அந்த இடத்தைக் கட்டை விரலால் அமுக்கினார். தகரம் பொரி மாதிரி உதிர்ந்தது. அந்த இடத்திலேயே எட்டாயிரம் குறைச்சார். அப்பா ஒண்ணும் பேசலை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கலை.

அதனால சொல்றேன் மக்களே, சின்னக் காயத்தை அப்படியே விடுறதும் தப்பு, அதுக்காக முழுக் கதவையும் தேய்ச்சு அடிக்கிறதும் தப்பு. வீட்டில் நாமே உடனே செய்ய வேண்டிய வேலை அது.

முதல்ல அந்த "ஃப்ரீ" கணக்கைப் பார்ப்போம். கிளெய்ம் போடாத முதல் வருஷத்துக்கு, வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20% தள்ளுபடி. அப்புறம் 25, 35, 45 என்று ஏறி, அஞ்சு வருஷம் கிளெய்ம் இல்லேன்னா 50%. தனியாப் பாதுகாப்பு வாங்கலைன்னா, ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்கணும். அது போக 1500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் 1000 ரூபாய் கட்டாயம் நம்ம பாக்கெட்டிலிருந்து போகும். இதுல எது ஃப்ரீ?

அடுத்து, கம்பெனிப் பெயின்ட். வெறும் பாடியை பிரைமர் தொட்டியில் முக்கி எடுத்து, அடுப்பில் சுமார் 140 டிகிரிக்கு மேல் சுட்டு வர்ற பூச்சு அது. சீட்டும் ஒயரும் மாட்டின வண்டியைப் பட்டறையில் அந்தச் சூட்டில் வைக்க முடியாது. ஒரு சென்டிமீட்டர் கோட்டுக்காக, நல்லா இருக்கிற மீதிக் கதவையும் தேய்ச்சுட்டு அதைவிட மட்டமான பூச்சை அடிக்கச் சொல்றோம். விக்கப் போனா "ஆக்சிடென்ட் வண்டியா?" என்ற கேள்வி வேற.

"சரி, அப்படியே விட்டா என்ன?"ன்னு கேக்கிறவங்க மதுரையில் இருந்தா கொஞ்ச நாள் தப்பிக்கலாம். முட்டத்திலும் குளச்சலிலும் தப்பிக்க முடியாது. உப்புக் காத்தும் ஈரமும் சேர்ந்தா இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் பக்கத்துப் பெயின்டையும் தூக்கிட்டு உள்ளே ஊர்ந்து போகும். போதாக்குறைக்கு நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமழையும் உண்டு.

இப்போ வேலைக்கு வருவோம். கீறல் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் தட்டலைன்னா காயம் மேல் கிளியர் கோட்டோட நிக்குது. ரப்பிங் காம்பவுண்ட் போட்டு லேசாத் தேய்ச்சாப் போதும். நகம் தட்டி உள்ளே பிரைமரோ தகரமோ தெரிஞ்சா டச்-அப் பெயின்ட் வேணும். கலர் கோடு வண்டியிலேயே பானட்டுக்கு அடியிலோ கதவுத் தூணிலோ ஒட்டியிருக்கும்.

வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவிக் காய விடுங்க. துரு இருந்தா நைசான எமரி பேப்பரால் அந்தப் பொட்டை மட்டும் சுரண்டுங்க. தகரம் தெரியுற இடத்தில் பல்குச்சி முனையால் பிரைமர். காய்ஞ்சதும் பெயின்ட், மெல்லிசா ரெண்டு மூணு தடவை, ஒவ்வொண்ணும் காய்ஞ்ச பிறகு. கடைசியா கிளியர். கொதிக்கிற வெயிலிலோ மழை ஈரத்திலோ செய்யாதீங்க. எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமையும் 640 ரூபாயும் ஆச்சு.

ஒரு எச்சரிக்கை: காய்ந்த துணியால் தூசியைத் துடைக்கவே துடைக்காதீங்க. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட்டோட கார்னெட்டும் உண்டு. சாண்ட் பேப்பர் செய்யப் பயன்படுற கல் அது!

இனி வரப்போற கேள்விகள்:

"கலர் மேட்ச் ஆகாதே?" ஆகாது. வெள்ளையில் ஓரளவு மறையும், சில்வர் மெட்டாலிக்கில் கிட்ட வந்தா தெரியும். தெரியட்டும். தண்ணி உள்ளே போகாம அடைக்கத்தான் இந்த வேலை.

"டூத்பேஸ்ட் தேய்ச்சாப் போயிருமாமே?" மொத்தப் பெயின்டுமே சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம்தான், அதில் கிளியர் கோட் பாதிக்கும் கீழே. ஆழமான கீறலில் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா கீறல் போகாது, சுத்தி இருக்கிற கிளியர் கோட்தான் போகும்.

"பட்டறைக்காரர் பொழப்பைக் கெடுக்கியா?" நியாயமான கேள்வி. நெளிவு எடுக்கிறது, பட்டி பார்க்கிறது, பெரிய இடத்துக்கு ஸ்ப்ரே அடிக்கிறது எல்லாம் அவங்க கைவேலை. நம்மால் முடியாது, பேரம் பேசாமக் கொடுக்கணும். ஆனா அந்த ஸ்ப்ரேயில் கலக்குற ஹார்ட்னரில் ஐசோசயனேட் உண்டு, ஆஸ்துமா வரவைக்கும். நான் பார்த்த பட்டறையில் அண்ணன் ஒருத்தர் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிட்டு அடிச்சிட்டிருந்தார். தேவையில்லாத கதவுக்கும் அவரை அதைச் சுவாசிக்க வைக்கிறது உதவியா? இதே காரணத்துக்காக நீங்களும் வீட்டில் அந்த ஸ்ப்ரேயைத் தொடாதீங்க.

கடைசியா என் கிளாஸ்மேட்ஸுக்கு. துருப்பிடிக்கிறதுக்குச் சமன்பாடு எழுதி மார்க் வாங்கின கூட்டம் நாம. ஆனா வீட்டு வண்டியில் பொட்டு விழுந்தா அப்பாகிட்ட "சர்வீஸ்ல விடுங்கப்பா"ன்னு சொல்லிட்டு மொபைலை எடுத்துருவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். பட்டம் வாங்கி, ஒரு பல்குச்சி வேலைக்கு ஒன்பதாயிரம் கொடுக்கிறதுக்கா படிக்கிறோம்?

அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தாச்சு. கதவை ஒருத்தரும் பார்க்கலை. அப்பாதான் அத்தானைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், "பய அவனே செஞ்சான்"னு காட்டினார் :-)

அடுத்த மழைக்கு முன்னாடி உங்க வீட்டு வண்டியை ஒரு தடவை சுத்தி வந்து பாருங்க.