பட்டியலை வெளியே கொடுக்காதீர்கள், வேலைக்கு ஆள் வீட்டிலேயே இருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. பேருந்தில் போகும்போது படிக்கலாம். வண்டி ஓட்டிக்கொண்டு வேண்டாம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பெயர்ப் பட்டியலை ஒன்றாக்கவோ, இரண்டு முறை வந்த பெயரை நீக்கவோ, யார் விடுபட்டார்கள் என்று பார்க்கவோ, தேடும்போது முதலில் வந்து நிற்கும் ஏதோ ஓர் இலவச இணையதளத்தில் அடுத்தவர் விவரங்களை ஏற்றாதீர்கள். அந்த வேலையைச் செய்யும் சின்னச் சின்னக் கட்டளைகள் ஐம்பது வருடத்துக்கு முன்பே எழுதப்பட்டு, இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. இணைய இணைப்புகூட வேண்டாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? பழைய மாணவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கல்வி உதவிக் குழு. ஊரும் பேரும் வேண்டாம். மூன்று பேர் தனித்தனியாக விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்ததில் ஒரே பிள்ளையின் பெயர் இரண்டு, மூன்று இடங்களில் வந்துவிட்டது. அதைச் சரிசெய்ய, நல்ல மனதுடைய ஒரு தம்பி முழுப் பட்டியலையும் ஒரு தளத்தில் ஏற்றிவிட்டார். பத்து வினாடியில் வேலை முடிந்தது. அந்தப் பட்டியலில் பிள்ளையின் பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், குடும்ப வருமானம், ‘தந்தை இல்லை’ என்ற குறிப்பு எல்லாம் இருந்தன. அந்தத் தளம் அதை வைத்துக்கொண்டதா, அழித்ததா என்று அந்தத் தம்பிக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. எல்லாத் தளங்களும் திருட்டுத் தளங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளை தன் வீட்டுக் கஷ்டத்தை நம்மிடம் எழுதிக் கொடுத்தது நம்மை நம்பித்தான். அதை இன்னொருவரிடம் காட்ட நமக்கு உரிமை இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்துவிட்டது. ஆனால் நான் சட்டத்தை நினைத்து இதைச் சொல்லவில்லை.

‘அது ஐடி ஆட்கள் வேலை சார்’ என்று சிலர் எழுதப் போகிறீர்கள். அதற்காகவே ஒரு பழைய கதை. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகம். தொலைபேசிக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். அங்கே 1969-ல் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கியதுதான் யூனிக்ஸ். அதை முதன்முதலில் தினசரி வேலைக்குப் பயன்படுத்தியவர்களில் விஞ்ஞானிகள் மட்டும் இல்லை. 1971-ல் அந்த ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தவர்களும் உண்டு. காகித வேலை, எழுத்து வேலை. நம் பள்ளி அலுவலகத்தில் நடப்பதற்கு அது வெகுதூரம் இல்லை.

அந்தக் கூடத்தில் டக் மெக்கில்ராய் என்று ஒருவர். தோட்டத்தில் ஒரு குழாயோடு இன்னொரு குழாயைத் திருகிச் சேர்ப்பதுபோல ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்குள் விட வழி வேண்டும் என்று 1964-லேயே ஒரு குறிப்பு எழுதினார். 1973-ல் தாம்ப்சன் அதை யூனிக்ஸில் கொண்டுவந்தார். விசைப்பலகையில் நீங்கள் யாரும் தொடாத அந்த நேர்க்கோடு ‘|’ இருக்கிறதே, அதுதான் அந்தக் குழாய். பைப் என்பார்கள். ஒவ்வொரு கட்டளையும் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யும். பெரிய வேலை வேண்டுமென்றால் வரிசையாக மாட்டிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

இனி நம் பட்டியலுக்கு வருவோம். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே உச்சரிப்பை மட்டும் எழுதுகிறேன். ‘கேட்’ மூன்று கோப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டும். ‘சார்ட்’ வரிசையாக அடுக்கும். ‘யூனிக்’ ஒரே மாதிரி வரிகளில் ஒன்றை மட்டும் வைத்து மற்றதை விட்டுவிடும். மூன்றுக்கும் நடுவே அந்தக் கோடு. அவ்வளவுதான், அந்தத் தம்பி தளத்தில் செய்த வேலை முடிந்தது.

இதில் ஒரு நுணுக்கம். யூனிக் அடுத்தடுத்து நிற்கும் இரட்டைகளை மட்டுமே பார்க்கும். பத்தாவது வரியில் ஒன்று, ஐந்நூறாவது வரியில் அதே இன்னொன்று என்றால் அதற்குத் தெரியாது. அதனால்தான் முன்னால் சார்ட். விடைத்தாள் திருத்தும் முகாமில் தாள்களைப் பதிவெண் வாரியாக அடுக்கிவிட்டுத்தானே மதிப்பெண் ஏற்றுவோம்? அடுக்கினால் ஒரே எண் இரண்டு முறை வந்தது தானாகக் கண்ணில் படும். அதே புத்திதான்.

இன்னொரு சிக்கல், ஒருவர் எண்ணின் நடுவே இடைவெளி விட்டிருப்பார், இன்னொருவர் முன்னால் 91 போட்டிருப்பார். கணினிக்கு இவை வேறு வேறு எண்கள். ‘டிஆர்’ என்ற கட்டளையால் இடைவெளிகளை எடுத்துவிடலாம். ‘கிரெப்’ கொண்டு கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் எடுக்கலாம். பிறகு அடுக்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘காம்’. வகுப்புப் பெயர்ப் பட்டியல் ஒன்று, பணம் கட்டியவர் பட்டியல் ஒன்று. இரண்டையும் வரிசைப்படுத்திக் கொடுத்தால், முதலாவதில் மட்டும் இருப்பவர், இரண்டாவதில் மட்டும் இருப்பவர், இரண்டிலும் இருப்பவர் என்று மூன்று பத்தியாகப் பிரித்துக் காட்டும். நான் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு எத்தனை மாலைகள் இந்த வேலையைச் செய்திருப்பேன்! கணங்களின் வெட்டும் சேர்ப்பும் வகுப்பில் நடத்தியபோது ‘இது எதுக்கு சார் உதவும்’ என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டவர்களே, இதற்குத்தான்.

‘எக்செல் போதுமே’ என்பது அடுத்த கேள்வி. எக்செல் நல்ல கருவி, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் கேட்காமலே உதவி செய்யும் குணம் அதற்கு உண்டு. எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கும். தேதி மாதிரி தெரிந்தால் தேதியாகவே மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் 2020-ல் மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, மார்ச், செப்டம்பர் மாதிரி தோன்றிய மரபணுப் பெயர்களையே மாற்றியது. அதே ஆண்டு இங்கிலாந்தில் பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் இல்லாததால் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் ஏறவில்லை. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களை எச்சரிப்பதும் தாமதமானது. சார்ட்டுக்கு அப்படி ஒரு வரி எல்லை கிடையாது.

ஏஐ பற்றியும் ஒரு வார்த்தை. பேத்தி அதில்தான் எல்லாம் கேட்கிறாள். தாராளமாகக் கேளுங்கள், ஆனால் ‘இப்படி ஒரு கோப்பு இருக்கிறது, எந்தக் கட்டளை போட வேண்டும்’ என்று கேளுங்கள். கோப்பைக் கொடுக்காதீர்கள். கட்டளையை வாங்கி, நாலு பொய்ப் பெயர்களை வைத்துச் சோதித்துவிட்டு, உங்கள் கணினியிலேயே ஓட்டுங்கள்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லை எண்ணச் சொல்லி ‘டபிள்யூசி’ கட்டளையிடம் கொடுத்தால், பைட் கணக்கில் 15 என்கிறது. குறியீட்டுக் கணக்கில் 5 என்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் மூன்று எழுத்து என்று சொல்லும். மெய்ப்புள்ளியும் இகரக் கொம்பும் கணினிக்குத் தனித்தனிக் குறியீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், அதனால் வந்த கணக்கு. இந்த முறையை, அதாவது யூடிஎஃப்-8-ஐ, 1992-ல் அதே கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வகுத்தார்கள். ஓர் உணவகத்தில் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் போட்ட திட்டம் அது. அதன் புண்ணியத்தில்தான் நீங்கள் இந்தப் பதிவைத் தமிழில் படிக்கிறீர்கள். ஆனால் வெறும் குறியீட்டு எண் வரிசையில் அடுக்கச் சொன்னால் கமலாவுக்கு முன்னால் கனகா வந்து நிற்பாள், ஏனென்றால் அந்த வரிசையில் னகரம் மகரத்துக்கு முன்னால் இருக்கிறது. தமிழ்ப் பெயர்களை அகரவரிசையில் அச்சிடுபவர்கள் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். இரட்டைகளை நீக்குவதற்கு இது தடையில்லை.

எங்கே கிடைக்கும்? மேக் கணினியிலும் லினக்ஸிலும் டெர்மினலைத் திறந்தால் போதும். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் நிறுவிக்கொள்ளலாம், இலவசம்தான். ஆண்ட்ராய்டு கைபேசிக்கு டெர்மக்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. உங்களில் பலருக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி நினைவிருக்கும். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. நம் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நாங்களும் பாடம் வைக்கவில்லை என்பது இன்னும் வருத்தம். பரணில் கிடந்தால் இறக்கிப் பாருங்கள், இந்த வேலைக்கு அது தாராளம்.

இரண்டு எச்சரிக்கை. ‘ஆர்எம்’ என்ற கட்டளை கோப்பை அழிக்கும். குப்பைத்தொட்டியில் போய்த் தேடினாலும் கிடைக்காது. இரண்டாவது, வெளியீட்டைச் சேமிக்க ‘>’ குறி போடும்போது, எந்தக் கோப்பைப் படிக்கிறீர்களோ அதே பெயரைக் கொடுக்கக் கூடாது. சார்ட் வேலையைத் தொடங்கும் முன்பே கோப்பு காலியாகிவிடும். எப்போதும் புதிய பெயரில் சேமியுங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். பட்டியலைக் கருத்துப் பகுதியில் ஒட்டிவிட்டு ‘பார்த்துச் சொல்லுங்க சார்’ என்று மட்டும் கேட்காதீர்கள், அந்த நிமிடமே நீக்கிவிடுவேன்.