வட்டவடை வண்டிகளும் வருமுன் காத்தலும்

மூணாறிலிருந்து மாட்டுப்பெட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாகப் பாம்பாடும் சோலைக் காட்டைக் கடந்து சுமார் 45 கிலோமீட்டர் சென்றால் வட்டவடை. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருந்தாலும் அங்கே வீட்டிலும் வயலிலும் காதில் விழுவது நம் தமிழ்தான். கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பீன்சும் அந்த மண்ணில் செழிக்கின்றன. காந்தளூர் - வட்டவடை மலைப்பூண்டுக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் இந்த விளைச்சல் பணமாக வேண்டுமானால் முதலில் மலையை விட்டு இறங்கியாக வேண்டும். அதை இறக்குபவை டீசல் பிக்கப் வண்டிகளும் ஜீப்புகளும்தான்.

இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் ரயிலே ஓடியது என்பது நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. 1902-ல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908-ல் குறும்பாதை ரயிலாக மாறியது குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே. மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகளை அது டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து கம்பிவட வழியாகப் பெட்டிகள் தேனிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கும். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போனது. மீண்டும் யாரும் அதைப் போடவில்லை. ரயில் செய்த வேலையை இன்று செய்வது சிறு வண்டி. ரயிலுக்குப் பின்னால் ஒரு பராமரிப்புப் படையே இருந்தது. இந்த வண்டிக்குப் பின்னால் இருப்பது ஒரு குடும்பம் மட்டுமே.

ரயில்வேயில் டீசல் எஞ்சின் பராமரிப்பிலேயே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். வட்டவடையில் உறவினர்கள் இருப்பதால் அவ்வப்போது சென்று வருவதுண்டு. அங்கே நான் பார்த்த வரையில், நம்மவர்கள் வண்டியைப் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரர்கள், பராமரிப்பதில் அலட்சியக்காரர்கள். இரண்டும் ஒன்றல்ல. பழுது பார்ப்பது வண்டி நின்ற பிறகு செய்வது. பராமரிப்பது நிற்காமல் இருக்கச் செய்வது. முதலாவது மெக்கானிக்கின் வேலை, இரண்டாவது வண்டிக்காரரின் கடமை என்பது என் உறுதியான கருத்து.

ரயில்வேயில் எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். 16 சிலிண்டர், 2,600 குதிரைத் திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின் ஷெட்டுக்கு வந்தால், அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அதன் ஆயிலில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம். அதில் செம்பும் ஈயமும் கூடியிருந்தால் பேரிங் தேய்கிறது என்று பொருள். இரும்பு கூடினால் லைனரையோ ரிங்கையோ பார்க்க வேண்டும். சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி நுழைகிறது. மனிதருக்கு ரத்தப் பரிசோதனை போலத்தான் இது. நோய் முற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும். வட்டவடைக்காரரிடம் சோதனைக்கூடம் இல்லை. கண்ணும் மூக்கும் விரலும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கின்றன. அவையே முக்கால் வேலையைச் செய்துவிடும்.

முதலில் தண்ணீர். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1,500 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாரத்தோடு மேடு ஏறும் எஞ்சினுக்கு அந்தச் சூடு சாதாரணம். அதைக் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடியல்ல, அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. அது சரியாக இருந்தால் 110 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காது. அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் கொதித்து வெளியேறிவிடும்.

என் உறவினர் ஒருவரின் வண்டி ஓணச் சந்தைக்கு முட்டைக்கோசு ஏற்றிச் செல்லும்போது வழியில் நின்றது. தேய்ந்துபோன மூடிதான் காரணம். சில நூறு ரூபாய் மூடியை மாற்றாததால் ஹெட் கேஸ்கட் போயிற்று, ஹெட் வளைந்தது, சரக்கு அழுகியது. ஆண்டில் நல்ல விலை கிடைக்கும் அந்த வாரத்தை அவர் ஒர்க்‌ஷாப் வாசலில் கழித்தார்.

சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது இன்னொரு பழக்கம். இது வைத்தியமே அல்ல. பனி விழும் மார்கழி, தை மாதங்களில் தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டை எட்டவே எட்டாது. டீசல் முழுவதும் எரியாமல் ஆயிலில் கலந்து சிலிண்டரைத் தேய்க்கும். ஓடைத் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. உள்ளே உப்பும் துருவும் படியும். கம்பெனி சொன்ன கூலன்ட்டைச் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

அடுத்தது காற்று. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய ஜீப்புகள் ஏற்றத்தில் கரும்புகை கக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். டீசல் அதே அளவு போகிறது, எரிப்பதற்குக் காற்று போதவில்லை. அதோடு ஏர் ஃபில்டரும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்பவர்கள் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசியை நாமே உள்ளே குத்தி வைக்கிறோம். டர்போ உள்ள வண்டியில் மேடு ஏறி வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். ஒரு நிமிடமாவது மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். இல்லையேல் டர்போவின் பேரிங்கில் நின்றுபோன ஆயில் கருகிப் படியும்.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. டீசல் எஞ்சின் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது வேறு. அளவுக்குச்சியில் ஆயில் மட்டம் தானாக உயர்ந்தால் டீசலோ தண்ணீரோ கலக்கிறது. மோர்ந்து பார்த்தால் டீசல் வாடை காட்டிக்கொடுக்கும். பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள்.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது. பழைய ஜீப்பில் இஞ்செக்டர் திறக்க 100 முதல் 250 பார் அழுத்தம் போதும். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, எஞ்சின் ஓடும்போதே இஞ்செக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது நம் மெக்கானிக்குகளின் வழக்கம். நாங்களும் அப்படித்தான் கற்றோம். இன்றைய பிக்கப்களில் வருவது காமன் ரெயில் எஞ்சின். அதில் அழுத்தம் 1,600 பார் வரை போகும். ஓடும் எஞ்சினில் அந்த நட்டைத் தளர்த்தினால், சீறி வரும் டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் ஒரு சிறு புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நேர்ந்தால் மருந்து தடவிக்கொண்டு இருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் பையன்கள் பலர் குருவின் கையைப் பார்த்தே தொழில் கற்றவர்கள். குரு கற்ற எஞ்சின் வேறு, சீடன் கை வைக்கும் எஞ்சின் வேறு என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கலந்த டீசலும் எமன். கேனில் வாங்கி வைத்து ஊற்றுபவர்கள் கேனின் அடியில் நிற்பதை ஊற்றக் கூடாது. ஃபில்டரின் அடியில் உள்ள வடிகாலைத் திறந்து தண்ணீரை நீக்க ஒரு சில நிமிடம் போதும். கெட்டுப்போன இஞ்செக்டர்களை மாற்றவோ ஒரு பருவத்து லாபம் போய்விடும்.

பணத்தை விட்டு உயிருக்கு வருவோம். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்கள், எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மிச்சம் என்பதே தவறான கணக்கு. காமன் ரெயில் எஞ்சினில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவது அறவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சினை ஓட்ட டீசல் செலவாகும். அது மட்டுமல்ல, கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. நியூட்ரலில் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. பிரேக் காய்ந்தால் பிடிக்காது. எஞ்சினை அணைத்தாலோ, பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவம் பம்ப்பும் நின்றுவிடும். இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பெடல் கல்லாகிவிடும். மேடு ஏறிய கியரிலேயே பள்ளமும் இறங்கு என்று பெரிய டிரைவர்கள் சொல்வது வீண் பேச்சல்ல.

“சர்வீசுக்கு மலை இறங்கினால் ஒரு நாள் வரும்படி போகிறதே” என்று அங்குள்ளவர்கள் என்னிடம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரத்தில் வாசலிலேயே முடிபவை. ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், போட்ட டீசல், குறைந்த ஆயில், குறைந்த கூலன்ட், மாற்றிய சாமான் ஆகியவற்றை எழுதுங்கள். எழுதும் பொறுப்பை வீட்டம்மாவிடமோ பள்ளிக்குப் போகும் பிள்ளையிடமோ கொடுங்கள். “அப்பா, போன மாதத்தைவிட இந்த மாதம் ஆயில் ஒரு லிட்டர் கூடுதலாகக் குடித்திருக்கிறது” என்று பிள்ளை சொல்லும் நாளில் பெரிய செலவொன்று தப்பிவிடும்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. வண்டியோடு வரும் கையேட்டை நம் மக்கள் எத்தனை பேரால் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது? டாஷ்போர்டில் எரியும் எந்த விளக்குக்கு என்ன பொருள், எது எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று தமிழில் ஒரே ஒரு தாள் அச்சிட்டு, வட்டவடை, கோவிலூர் போன்ற ஊர்களில் வண்டிக்கு ஒன்றாக ஒட்டினால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் முகாம் நடத்தலாம். ரயில்வேயிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் ஓய்வு பெற்றவர்கள் இல்லாத தமிழ்ச் சங்கம் உண்டா? தொழிலில் ஆர்வமுள்ள பையன்களை ஐ.டி.ஐ.யில் ஓராண்டு டீசல் மெக்கானிக் படிப்பில் சேர்த்துவிடலாம். கைப்பழக்கத்தோடு படிப்பும் சேர்ந்தால் அவனுக்கு ஈடில்லை.

பொங்கலுக்குப் பட்டிமன்றமும் கலை நிகழ்ச்சியும் வேண்டியவைதான். நானும் முன் வரிசையில் அமர்ந்து ரசிப்பவன்தான். அந்தச் செலவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கினால் அந்தத் தாளும் முகாமும் நடந்துவிடும். தாளுக்கு வேண்டிய வாசகத்தை எழுதித் தரவும், முகாமுக்கு என் செலவில் வரவும் நான் தயார். நம் செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.