ஷேர் திறக்கலையா? ஃபயர்வால் மேல கை வைக்காதீங்க!

எங்க லேப்ல ஒரு விண்டோஸ் சர்வர் இருக்கு. எல்லாரோட புராஜெக்ட் ஃபைலும் அதுலதான். ஒருநாள் காலையில யாருக்குமே ஷேர் திறக்கலை. நெட்வொர்க் பாத் கிடைக்கலைன்னு பிழை எண் 53 வந்து நின்னுச்சு. சீனியர் ஒருத்தர் வந்தார். ஃபயர்வாலை மொத்தமா அணைச்சார், 'எவ்ரிஒன்'னுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தார், எஸ்எம்பி முதல் பதிப்பை ஆன் பண்ணினார், ரீஸ்டார்ட் போட்டார். வேலை செஞ்சது! எல்லாரும் கைதட்டினோம். நானும்தான்.

மூணு நாள் கழிச்சு ஒரு டீமோட ஃபோல்டரையே காணோம். ஷேர்ல அழிச்சது நம்ம ரீசைக்கிள் பின்னுக்கு வராது. பேக்கப்பும் இல்லை. யார் அழிச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுத்தப்புறம் யாரைப் போய்க் கேட்பது?

அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். ஃபயர்வாலைத் திரும்பப் போட்டதும் பழைய பிழை வந்தது. காரணம் ரொம்பச் சின்னது. சர்வரோட நெட்வொர்க் எப்படியோ 'பப்ளிக்' வகைக்கு மாறியிருந்தது. அதுல ஃபைல் ஷேரிங்குக்கு அனுமதி கிடையாது. 'பிரைவேட்' என்று மாற்றினேன், முடிந்தது. மற்ற மூன்று மாற்றமும் தேவையே இல்லாதவை!

என் கட்சி இதுதான்: பிழைச்செய்தி நம்ம எதிரி இல்லை. எந்தக் கதவு பூட்டியிருக்குன்னு அது சொல்லுது. நாமதான் அதைப் படிக்காம எல்லாக் கதவையும் உடைக்கிறோம்.

53 என்றால் பெரும்பாலும் சர்வரையே எட்டவில்லை. பேருக்குப் பதில் ஐபி எண்ணைக் கொடுத்துப் பாருங்க. திறந்தால் கோளாறு பெயரில், அதாவது டிஎன்எஸ் பக்கம். அப்பவும் திறக்கலைன்னா 445-ஆம் போர்ட் திறந்திருக்கான்னு பாருங்க. பிங் வருதேன்னு ஏமாறாதீங்க, பிங்குக்கும் 445-க்கும் சம்பந்தமில்லை. 67 என்றால் பெரும்பாலும் ஷேர் பெயர் தப்பு. 1326 என்றால் யூசர் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. 1219 என்றால் அதே சர்வரில் ஏற்கெனவே வேறு பெயரில் நுழைந்திருக்கீங்க. பழைய இணைப்பைத் துண்டிச்சாப் போதும். 5 என்றால் வாசல் வரை வந்தாச்சு, உள்ளே போக உரிமை இல்லை. இங்கே ஒரு சிக்கல்: ஷேருக்கு ஒரு அனுமதி, ஃபோல்டருக்கு (என்டிஎஃப்எஸ்) இன்னொரு அனுமதி. இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். இரண்டையும் பாருங்க, யாருக்குத் தேவையோ அவங்களுக்கு மட்டும் கொடுங்க.

எஸ்எம்பி முதல் பதிப்பை ஆன் பண்ணினா என்ன ஆகிடப்போகுதுன்னு கேட்கலாம். 2017 மே 12-ல் வான்னாக்ரை கிளம்பியதே அந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் பேட்ச் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. போடாதவங்க மாட்டினாங்க. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பிலிருந்தே அதை நிறுவாமல் விடுவதை மைக்ரோசாஃப்ட் வழக்கமாக்கியது. 2019-ல் சாம்பாவும் 4.11-ல் அதை அணைச்சே கொடுத்தது. ரெண்டு பக்கமும் பூட்டி வச்ச கதவை நாம ஏன் திறக்கணும்? பழைய சாதனம் ஏதாவது அது இல்லாம ஓடாதுன்னா, அந்தச் சாதனத்தைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்குங்க. சர்வரைப் பலி கொடுக்காதீங்க.

"சாயங்காலம் சப்மிஷன், இதுக்கெல்லாம் எங்கே நேரம்?" நியாயமான கேள்விதான். ஆனா மேலே சொன்னதைப் பார்க்க பத்து நிமிஷம் போதும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்க. சரியாகலைன்னா அதைப் பழையபடி வச்சிட்டு அடுத்ததுக்குப் போங்க. நாலையும் சேர்த்து மாற்றினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது, எதைத் திருப்பி வைக்கணும்னும் தெரியாது.

அந்த டீம் ஒரு செமஸ்டர் வேலையை ரெண்டு வாரத்துல திரும்பச் செஞ்சாங்க. அன்னிக்குக் கைதட்டினவங்கள்ல நானும் ஒருத்தன். அதனாலதான் இவ்வளவும் எழுதினேன்.